அக்கா பிரிக்கச் சொன்ன நட்சத்திரங்கள்

எனக்குப் பின்னத் தெரியும் என்று சம்பந்தி வீட்டில் வாயைவிட்டது முழுக்க முழுக்க அவர்கள் வீட்டு மட்டன் பிரியாணியின் வேலை. தட்டு காலியாவதற்குள், பேரனின் முதல் கிறிஸ்துமஸுக்கு என் கையாலேயே ஒரு போர்வை பின்னித் தருவதாகவும் சொல்லியிருந்தேன். சிகரெட்டை விட்டபோது கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று குரோஷே ஊசியை எடுத்தவன் நான். அதுவரை பின்னி முடித்தது ஒரே ஒரு மஃப்ளர். புதுச்சேரி வெயிலில் அதை யார் கட்டுவது? எங்கள் மிக்ஸி கட்டிக்கொண்டிருக்கிறது.

மகள் காதலித்துக் கட்டிக்கொண்டது கிறிஸ்தவக் குடும்பத்தில். எங்கள் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு முறையாகச் சீர் எதுவும் போனதில்லை. அதனால்தான் அவளுக்கு அத்தனை பதற்றம்.

“அப்பா, நெஜமாவே பின்றியா? அத்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. பிரான்சுல இருக்குற அவங்க அண்ணி போர்வ அனுப்புறேன்னாங்களாம். வேணாம், எங்க சம்பந்தி பின்றாருன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்கப்பா. நீ வெறுங்கைய வீசிக்கினு வந்தா நான்தான் அந்த வீட்ல தல குனிஞ்சி நிக்கணும்.”

“பாதி முடிஞ்சிடுச்சிம்மா” என்றேன். நூலே இன்னும் வாங்கவில்லை.

சிவப்பிலும் வெள்ளையிலும் உல்லன் நூல் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே குடியிருக்கும் அக்கா பிரான்சில் பல வருஷம் இருந்து, பின்னலையும் அங்கேயே கற்றுக்கொண்டு வந்தவர். அடிப்பட்டையை என்னையே போடவைத்து, அதற்குமேல் நட்சத்திரப் பின்னலைக் காட்டினார். ஊசியில் கண்ணிகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போய், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் மூடினால், நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு நட்சத்திரம் விரியும். அக்காவுக்கு விரிந்தது. எனக்கு விழுந்தவை நசுங்கின சிலந்திகள். சிலந்திகள் ஒருவழியாக நட்சத்திரமாகத் தொடங்கிய நேரத்தில் அக்கா காரைக்காலுக்கு, தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

“ரெண்டு வரி நட்சத்திரம் முடிச்சதும் போட்டோ அனுப்புங்க தம்பி. மேல இன்னா பண்றதுன்னு சொல்றேன்.”

முடித்து அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது. “நல்லாத்தான் வந்திருக்கு தம்பி. இப்ப ரெண்டு வரி பிரி.”

நல்லாத்தான் என்ற அந்த இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, எங்கேயோ தப்பு. மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு வரியையும் உருவினேன். மறுபடி பின்னி, படம் அனுப்பினேன். மறுபடி அதே பதில். இன்னும் நுணுக்கமாகப் பின்னி அனுப்பினேன். “ம், இதுவும் அழகு. ரெண்டு வரி பிரி.” பிரான்சில் படித்தவர்கள் கண்டிப்பானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி அடிப்பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். “நேத்து எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோதான இன்னிக்கும் இருக்கு? புள்ளைக்குப் போர்வையா, அர்ணாக்கொடியா?”

மகள் தினம் கேட்டாள். “ஒரு போட்டோவாவது அனுப்புப்பா.” அன்னிக்கே பாத்துக்கம்மா என்று சிரித்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, இன்னும் எத்தன தடவதான் பிரிக்கச் சொல்வீங்க? தப்பு எங்கன்னாவது சொல்லுங்க.”

“யாரு பிரிக்கச் சொன்னது?”

“நீங்கதான். ரெண்டு வரி பிரின்னு.”

“ஐயோ தம்பி. பிரீட். பிரீ…ட். ஊசியில நூல ஒரு சுத்து சுத்தி ஒசரமா போடுவோமே, அதுக்கு பிரெஞ்சுல பிரீட்டு. நட்சத்திரத்துக்கு மேல அதுல ரெண்டு வரி போடச் சொன்னேன். நீங்க ஒரே எடத்தயே போட்டோ புடிச்சி அனுப்புறீங்கன்னு நெனச்சேன்.”

வீடியோ பார்த்துக் கற்ற எனக்கு அது டபுள் குரோஷே. அக்கா வாயில் அது பிரீட். என் காதில் அது பிரி.

ஆபீசுக்கு லீவு போட்டேன். விரல் வீங்கியது. பண்டிகையன்று காலையில் மனைவி போர்வையை விரித்து, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. சம்பந்தியம்மா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, போர்வையை எடுத்து, பேரன்மேல் போர்த்தினார். இடுப்புவரை வந்தது. கீழே இழுத்தார். இப்போது நெஞ்சு தெரிந்தது.

“இது இன்னா சம்பந்தி, துண்டா?”

பிரான்ஸ் அண்ணியின் பையன் போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டத் தயாராகிவிட்டான். மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் குரல்தான் கேட்டது.

“அத்த, அது நம்ப புள்ளைக்கு இல்ல. குடில்ல படுத்திருக்குற குழந்தை யேசுவுக்கு. மொதல்ல அவருக்குத்தான்னு அப்பா ஒரே புடிவாதம்.”

சொல்லிக்கொண்டே எடுத்துப் போய்க் குடிலில் போர்த்தினாள். பக்கத்தில் இருந்த ஆட்டுக்குட்டியையும் சேர்த்து மூடியது. சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மத்தவங்க சாமிக்குச் செய்ய யாருக்குங்க இப்டி மனசு வரும்?”

அந்த ஈரத்தில் எனக்கும் மனசு இளகிவிட்டது. “புள்ளைக்குப் பொங்கலுக்குள்ள பெருசா ஒண்ணு…” என்று ஆரம்பித்தேன். மகள் என் காலை மிதித்தாள்.

கிளம்பும்போது கேட்வரை வந்தாள்.

“அப்பா, இனிமே எங்க வீட்டுக்கு வந்தா, வாய சாப்பட்றதுக்கு மட்டும் தொற.”