ஏழாவது எல்லை

குற்றாலம் பேரருவிக்கு எதிரே கல்லில் குப்புறப் படுத்திருக்கிறேன். அச்சன்புதூர் மாரிமுத்து என் முதுகில் நல்லெண்ணெய் தேய்த்துத் தட்டுகிறார். ராணுவத்தில் இருந்த கை. நாற்பத்தொரு தட்டு எண்ணியதும், வலியை மறக்கப் பேச்சுக் கொடுக்கிறேன்.

"நம்ம நாட்டை ஒட்டி ஆறு நாடுதானே? பாகிஸ்தான், சீனா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மியான்மர்."

"ஏழு அண்ணாச்சி. ஆப்கானிஸ்தானை விட்டுட்டியளே!"

"அந்த எல்லையில காவல் நின்னிருக்கீங்களா?"

"எங்கன நிக்க? நம்ம மேப்புல இருக்கு, பாகிஸ்தான் பிடிச்சு வச்சிருக்க காஷ்மீர் பக்கம். ஆனா நாம அங்கன போக முடியாதுல்லா."

"போக முடியாத எல்லையை எப்படிக் கணக்கில் சேர்க்கிறது?" எழுந்து உட்கார்ந்து வாதாடுகிறேன்.

அதற்குள் விசில் சத்தம். அருவியில் வெள்ளம் ஏறிவிட்டதால் குளிக்கத் தடை. போலீஸார் எல்லாரையும் வெளியேற்றிக் கயிறு கட்டுகிறார்கள். தென்காசியில் எனக்கு ரயில் வர இன்னும் ஐம்பது நிமிடம். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வழிய நிற்கிறேன். அருவி முப்பது அடி தூரத்தில் கொட்டுகிறது.

மாரிமுத்து அதைக் கைகாட்டுகிறார். "இப்பம் சொல்லுங்க அண்ணாச்சி. நாம போக முடியல. குத்தாலத்துல அருவி உண்டா, இல்லையா?"

துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டே ஏழு என்று ஒப்புக்கொள்கிறேன்.