சுண்ணாம்புக்கு அடங்காத மூலை

எங்கள் ஊரில் என் மூக்குக்குத் தனி மரியாதை உண்டு. பட்டுப்புழு வளர்க்கும் மனைக்குள் காலை வைத்ததுமே எந்தத் தட்டில் இலை ஈரம் மிஞ்சிக் கிடக்கிறது, எதில் புழு நோவு கண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நல்லம்பள்ளிப் பக்கம் புழு வளர்க்கிறவர்கள் சந்தேகம் வந்தால் போன் போட்டு என்னைக் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

அதனால், ஆறாவது படிக்கும் என் மகள் தோழி வீட்டிலிருந்து ஒரு முயல் குட்டியை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் கலங்கவில்லை. சாம்பல் நிறம், உள்ளங்கை அளவு. கலங்கியது என் வீட்டுக்காரர்தான்.

"வெளிய வெச்சா நாயி உடாது. வூட்டுக்குள்ள வெச்சா நாம இருக்க முடியாது. மூத்தரம் அப்பிடி நாறும். திருப்பிக் குடுத்துட்டு வந்துரு கண்ணு."

மகள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போடாமல் அழுகிற பிள்ளை அது, பார்க்கத் தாங்காது. நான் நடுவில் புகுந்தேன்.

"நாத்தம் வராம பாத்துக்கறது என் பொறுப்புங்க. இத்தன புழுவுக்கும் கழிவ அள்ளறவளுக்கு இந்த ஒரு மொசலு பெருசா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செரி. இந்த வாட்டி பட்டுக்கூடு வித்துட்டு வர்ற வரைக்கும் பாக்கறேன். நான் திரும்பி வர்ற அன்னிக்கும் நாறுச்சுன்னா, சந்தைல மொசலு வாங்கறவருகிட்டக் குடுத்துருவேன்."

சந்தையில் முயல் வாங்குகிறவர் அதை எதற்கு வாங்குகிறார் என்பது மகளுக்கும் தெரியும். பெட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

கையைக் கட்டிப் போட்டுத்தான் எனக்கு அந்தப் பொறுப்பு வந்தது. எங்கள் கூடத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் புழு மனை. பினாயில் கூடாது, ஊதுவத்தி கூடாது, கொசுவத்தி, ஸ்ப்ரே எதுவும் கூடாது. புழு தாங்காது, சுருண்டுவிடும். மற்றவர்கள் நாற்றத்துக்கு மேல் வாசனையைப் போட்டு மூடுவார்கள். நான் நாற்றத்தையே இல்லாமல் செய்தாக வேண்டும்.

என் முதல் யோசனை புழு வளர்க்கிற யாருக்கும் வரக்கூடியதுதான். புழுப்படுக்கை ஈரமானால் சுண்ணாம்புத்தூளைச் சலித்துத் தூவுவோம். ஈரம் வற்றிவிடும், வாடையும் அடங்கும். முயல் இருந்தது கூடத்து மூலையில், சாக்கு விரித்த ஒரு பழைய மரச்சட்டத்துக்குள். சாக்கு அதற்குள் மூத்திரத்தில் நன்றாக ஊறியிருந்தது. அதன்மேல் தாராளமாகச் சுண்ணாம்பைத் தூவி, மேலே காகிதத்தைப் பரப்பி, கதவைச் சாத்திவிட்டு மல்பெரி இலை பறிக்கப் போனேன். போகும்போது பாட்டு வேறு முணுமுணுத்தேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்தது போல் எரிந்தது. நான் நினைத்ததற்கு நேர்மாறாக, ஊறிய மூத்திரத்தோடு சேர்ந்து அந்தச் சுண்ணாம்பு நாற்றத்தையெல்லாம் ஆவியாகக் கிளப்பி விட்டிருந்தது. குட்டி ஓரத்தில் ஒடுங்கித் தும்மிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர், பாதத்து மயிரெல்லாம் வெள்ளை. எனக்குப் பயம் வந்தது. நாற்றத்தைக் கொல்லப் போய்க் குட்டியைக் கொன்றுவிட்டேனோ! கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடி, ஈரத்துணியால் ஒவ்வொரு பாதமாகத் துடைத்து, முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தும்மல் நின்று, அது ஒரு புல்லைக் கடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இதுக்கா பொறுப்பெடுத்த? மூக்கு மூக்குன்னு ஊரெல்லாம் பேரு வேற!"

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்று வேலை ஓடும். மறுநாள் சாக்கையும் மரச்சட்டத்தையும் தூக்கி எறிந்தேன். தரையில் படிந்திருந்த வெள்ளைக் கறையைப் புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பித்தளை துலக்குகிற புளிக்கு இந்தக் கறை மசியுமா என்று பார்த்தால், சொன்னபடி கேட்டு விட்டுவிட்டது. அந்த மூலை பளிச்சென்று ஆனது. ஆனால் முயல் கட்டிலுக்கடியில் போய் மூத்திரம் பெய்தது. அதையும் கழுவினேன். அரிசி மூட்டை ஓரத்துக்குப் போனது. சனியனே என்று வாய்விட்டே திட்டினேன்.

பிறகு இலை நறுக்கிக்கொண்டே அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். நேராகப் பழைய மூலைக்குத்தான் போயிற்று. தரையை மோந்தது. சுற்றிச் சுற்றி மோந்தது. எதுவும் அகப்படாமல் விழித்துவிட்டு வேறு இடம் தேடிப் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புழுவுக்குக் கழிப்பிடம் என்று ஒன்று கிடையாது, தின்கிற இடத்திலேயே போகும். மொத்தமாக வழித்து எடுத்தால்தான் சுத்தம். முயல் அப்படியில்லை. தனக்கென்று ஓர் இடம் வைத்துக்கொள்கிறது. அதன் கக்கூஸைத் தினமும் தேய்த்து அழித்ததும் நான்தான், கண்ட இடத்தில் போகிறதே என்று திட்டியதும் நான்தான்.

அதற்கப்புறம் வேலை சுலபம். உயரம் குறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பை அதே மூலையில் வைத்தேன். அதியமான்கோட்டை ரோட்டு மரப்பட்டறையில் கேட்டு வாங்கிவந்த இழைப்புச் சுருளை அதில் பரப்பினேன். மூத்திரம் பட்ட காகிதத் துண்டு ஒன்றை வேண்டுமென்றே உள்ளே போட்டேன், சிதறிக் கிடந்த புழுக்கைகளையும் பொறுக்கிப் போட்டேன். வரப்புப் புல்லை வெட்டிக் காயவைத்து டப்பின் ஓரத்தில் சொருகினேன், ஏனென்றால் இந்த மகாராணிக்குத் தின்றுகொண்டே போகிற பழக்கம்.

"ஏம்மா, அந்த அழுக்குக் காயிதத்த எதுக்கு உள்ள போடற?" என்றாள் மகள்.

"அதுக்கு வழி தெரியணுமில்ல. நம்ம மூக்குக்கு எட்டாம, அதும் மூக்குக்கு மட்டும் எட்டணும்."

அவள் பாசத்தில் ஊட்டிக்கொண்டிருந்த மல்பெரி இலையையும் நிறுத்தினேன். பச்சை இலை அதிகமானதால் குட்டிக்கு இளகிப் போய்ப் பின்மயிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி நாற்றம் அதுதான். காய்ந்த புல்லுக்கு மாறியதும் புழுக்கை கெட்டியாக உருண்டது. தினமும் காலையில் ஈரச் சுருளை அள்ளி மல்பெரிச் செடியடியில் கொட்டுவேன். ஒரு பிடியை மட்டும் பழைய சுருளாகவே விட்டுவைப்பேன். குட்டியும் டப்பைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்றாயிற்று.

இதற்கிடையில் புழு கூடு கட்டியது. கூட்டைப் பிரித்து மூட்டை கட்டினோம். அவர் தருமபுரி அங்காடிக்கு வண்டியேற்றிக்கொண்டு போனார். மகள் அன்று பள்ளியிலிருந்து வந்ததும் சாப்பிடவில்லை. டப்பையே மோந்து மோந்து பார்த்தாள். "நாறுதாம்மா?" என்று என்னைக் கேட்டபடியே இருந்தாள். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வண்டிச் சத்தம் கேட்டதும் நானும் ஒருமுறை குனிந்து டப்பை மோந்து பார்த்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நின்றார். மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். நான் வெற்றிக்குத் தயாராக நின்றேன். அவர் முகமோ தொங்கிப் போயிற்று.

"மொசல குடுத்துட்டீங்களா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. மகளைப் பார்க்காமல், கையிலிருந்த பையை என்னிடம் நீட்டினார். "கொத்தமல்லி. சும்மாத்தான் வாங்குனேன். கொழம்புக்குப் போட்டுரு."

குழம்புக்கென்றால் எங்கள் கொல்லையிலேயே கொத்தமல்லி முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் டப்பிலிருந்து சுருள் சரசரத்தது. குட்டி வெளியே குதித்து வந்து, அவர் காலை மோந்து பார்த்துவிட்டு, பின்னங்காலில் எழுந்து பையை எட்டியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பையை என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு கொத்தை எடுத்து அதன் வாயருகே நீட்டினார்.