திருகோணமலைத் துறைமுகமும் என் அமெரிக்காவும்

வயது போனால் பொறாமை அடங்கிவிடும் என்பார்கள். எனக்கு எழுபத்திரண்டு. அடங்கவில்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் இருக்கும். நாற்பது வருடமாக அங்கே அமெரிக்கா என் பொறுப்பு. ஈரானில் தூதரக ஆட்களைப் பிணை பிடித்தது, பிறகு அதே ஈரானுக்கு அமெரிக்காக்காரனே களவாக ஆயுதம் விற்றது, குவைத் சண்டை, ஒரு ஜனாதிபதியின் பதவி பெண் விவகாரத்தில் ஆடியது, எதுவென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "இதால எங்களுக்கு என்ன நடக்கும், அண்ணை?"

என் பதிலும் ஒன்றுதான். அமெரிக்காக்காரனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கண். கையில் இருக்கும் பிரச்சினை முடிந்ததும் அங்கே வருவான், வந்தால் இலங்கையில் எங்கள் ஆட்களுக்கும் ஒரு தீர்வு வரும். ஒவ்வொரு பிரச்சினைக்கும் இதையே சொன்னேன். அவர்களும் ரோல்ஸைக் கடித்தபடி தலையாட்டினார்கள்.

போன வருடம் பக்கத்துச் சட்டனில் இருந்து ஒரு டொக்டர் வரத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்காரர், ஓய்வு பெற்றவர். இந்த அமெரிக்க விஷயங்களைத் தேடித்தேடிப் படித்தவர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் இலுப்பைப்பூ என்று மண்டபத்துக்குத் தெரிய இரண்டு ஞாயிறு போதுமாக இருந்தது. கோயில் முதியோர் வட்டத்தின் மாதப் பேச்சையும் அவரிடமே கொடுத்தார்கள், பொருள் அந்தக் காலத்து அமெரிக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருடைய முதல் பேச்சன்று என் மனைவி முன்வரிசையில் கொப்பியும் பேனையுமாக இருந்தாள். என்னோடு நாற்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவள், கடைச் சாமான் பட்டியலைத் தவிர நான் சொன்ன எதையும் எழுதியவள் அல்ல. டொக்டர் பேசப் பேசப் பக்கம் பக்கமாக எழுதினாள். எனக்குப் பேச்சே காதில் ஏறவில்லை. அந்தப் பேனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி நேரத்தில் அவரை மடக்க எழும்பினேன். "திருகோணமலையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே, டொக்டர்?"

"அந்த வருஷங்கள்ல அவங்களுக்கு அது பெரிய விஷயமாவே இல்லைங்க," என்றார் பணிவாக. "அமெரிக்கா வந்துடும்னு நம்பிக்கிட்டா இருந்தீங்க? யாரு சொன்னாங்க?"

மண்டபத்தில் பாதிப் பேர் அதை என் வாயால் கேட்டவர்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"ரேடியோவில சொன்னவை, டொக்டர்," என்றாள் என் மனைவி.

அந்த மனுஷனுக்கு முன்னால் அவள் என்னைக் காப்பாற்ற வேண்டி வந்ததுதான் எனக்குப் பெரிய அவமானம். வீட்டுக்கு நடக்கும்போது வாயை அடக்க முடியவில்லை. "அவர் சொல்லுறதை எல்லாம் எழுதிறீர். நான் சொன்னதை ஒருநாளாவது காதில எடுத்தனீரோ?"

"எடுத்தனான்," என்றாள். நடையை நிறுத்தவில்லை. "குவைத் சண்டை முடிஞ்ச நேரம் அக்காவை இங்க கூப்பிட, ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரனோட கதைச்சு வைச்சனான். இனி அமெரிக்காக்காரன் வந்திடுவான், அவ ஏன் வீட்டை விட்டிட்டு வரவேணும் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான் அவவைப் பொறுத்திருக்கச் சொன்னனான்."

அவளுடைய அக்கா யாழ்ப்பாணத்தில் இராணுவத்தின் செல்லடியில் செத்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. அவள் யோசித்திருக்கிறாள். இவ்வளவு காலமும் என்னிடம் சொல்லவில்லை.

டொக்டர் இப்போதும் ஞாயிறுகளில் பேசுகிறார், இவள் எழுதுகிறாள். அவருடைய பேச்சை நம்பி எவரும் எங்கேயும் காத்திருக்கவில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.