பத்துப் பிள்ளைகளும் எட்டுக் கதிரைகளும்

யூலியானாவுக்கு வயது இருபத்திரண்டு. காலையில் தாய் றோஸ்மேரியோடு, இத்தாலியின் பலெர்மோ நகரத்து மொண்டெல்லோவில் ஒரு வீட்டைத் துப்புரவாக்குவாள். பின்னேரம் அதே நகரத்து அல்பெர்கேரியாவில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் ஒரு கூடத்தில் தொண்டு வேலை. இரண்டு வருடமாக அங்கே அவள் பென்சில் சீவினாள், பிஸ்கட் கொடுத்தாள். அவ்வளவுதான்.

போன கிழமை அபேனா ஒரு கேள்வி கேட்டாள். கானாவிலிருந்து வந்த தாய் தகப்பனுக்குப் பலெர்மோவில் பிறந்த ஒன்பது வயதுப் பிள்ளை அவள். சரித்திரப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். கூடத்தில் பேச்செல்லாம் இத்தாலிய மொழியில்தான்; யூலியானாவைப் பிள்ளைகள் 'மயெஸ்த்ரா', அதாவது ரீச்சர், என்பார்கள்.

"மயெஸ்த்ரா, எங்கடை ஆக்களைக் கப்பலிலை கட்டிவைச்ச படம் மட்டும்தான் இதிலை இருக்கு. அவை வேறை ஒண்டுமே செய்யேல்லையா?"

அன்றிலிருந்து யூலியானா பஸ்ஸிலும் சமையலறையிலும் கைபேசியில் கறுப்பு மக்களின் சரித்திரத்தையே தேடித் தேடி வாசித்தாள். வாசிக்க வாசிக்க இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பொறுப்பாளர் சிஞ்ஞோரா பியேராவிடம் போய், வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தனக்குத் தரும்படி கேட்டேவிட்டாள்.

"ஒரேயொரு வியாழன் தாறன்," என்றார் சிஞ்ஞோரா. "கதவு திறந்துதான் இருக்கும். வெளியிலை பந்து விளையாடுவாங்கள். அஞ்சு மணி மட்டும் பிள்ளையள் உள்ளுக்கை நிண்டால் அந்த நேரம் உனக்கு. ஓடிட்டினமெண்டால் பழையபடி பென்சில்தான்."

வீட்டில் அவள் தன் திட்டத்தைச் சொல்ல, றோஸ்மேரி சிரித்தாள். "சங்கீதக் கதிரையோ? அது கிறிஸ்மஸ் ஒளிவிழாவிலை விளையாடுறதெல்லோ! சரித்திரம் படிப்பிக்கப் போறனெண்டிட்டுப் பிள்ளையளைக் கதிரையைச் சுத்தி ஓட விடப்போறியே?"

"ஓம் அம்மா. கதிரைதான் பஸ்."

"உனக்கு விசரடி."

வியாழன் நான்கு மணி. பஸ் போல எட்டுக் கதிரைகள். பத்துப் பிள்ளைகளும் ஆளுக்கொரு ரிக்கற் எடுத்தார்கள். நீலம் வந்தால் முன்னால் இருக்கலாம், மஞ்சள் வந்தால் பின்னால்தான். பாட்டு நின்றதும் ஒரு நீலத்துக்கு இடமில்லாவிட்டால், ஒரு மஞ்சள் எழும்பிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பு மக்களுக்கு இப்படித்தான் சட்டம் இருந்தது என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

முதல் சுற்றிலேயே கூடம் அதிர்ந்தது. நீல ரிக்கற்காரன் சால்வோ மஞ்சள் பிள்ளை ஒன்றின் தலைக்கு மேல் நின்று கத்தினான்: "எழும்பு! எழும்பு! நான் நீலம்!" மற்ற நீலங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். யூலியானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவரை எழுப்பித் துரத்துவது எவ்வளவு சுகம் என்றல்லவா தான் படிப்பித்துக்கொண்டிருக்கிறாள்! இரண்டு மஞ்சள் பிள்ளைகள் கதவுப் பக்கம் பார்த்தார்கள். வெளியே பந்து சுவரில் மோதும் சத்தம்.

மூன்றாவது சுற்றில் சால்வோ அபேனாவின் முன்னால் வந்து நின்றான். அபேனா கதிரையை இறுக்கிப் பிடித்தாள்.

"எழும்ப மாட்டன்."

"சட்டம் சட்டம்தான்! மயெஸ்த்ரா, சொல்லுங்கோ இவளுக்கு!"

எல்லோரும் யூலியானாவைப் பார்த்தார்கள். அவள் பாட்டைத் திரும்பப் போடவில்லை.

"1955இலை மொன்ற்கொமரி எண்ட ஊரிலை, றோசா பார்க்ஸ் எண்ட அம்மாவும் இதைத்தான் சொன்னவ. பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது. அதுக்குப் பிறகு அங்கத்தைக் கறுப்பு ஆக்கள் பஸ்ஸிலை ஏறவேயில்லை. வேலைக்கு, பள்ளிக்கு, கோயிலுக்கு நடந்தே போச்சினம். முந்நூற்றெண்பத்தொரு நாள்!"

"ஒரு வருசத்துக்கும் மேலையா?" என்று யூலியானாவின் சித்தி மகன் லக்சன் தமிழில் வாயைப் பிளந்தான். "அக்கா, சப்பாத்துத் தேயாதே?"

"தேயும்டா. தேய்ஞ்சாலும் நடந்தவை. கடைசியிலை சட்டம்தான் மாறினது."

அபேனா கதிரையை விட்டு எழுந்தாள். சால்வோவுக்கு இடம் கொடுக்கவல்ல. "எனக்கு உங்கடை பஸ் வேண்டாம்," என்றுவிட்டுக் கூடத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். லக்சன் பின்னால் போனான். மற்ற மஞ்சள்களும் போனார்கள். யூலியானா ஓடிப்போய்ப் பாட்டைப் போட்டாள், நிறுத்தினாள். அவர்கள் நிற்கவில்லை. கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன.

நீலங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து நடப்பவர்களோடு சேர்ந்தாள். பிறகு இன்னொருவன். கடைசியில் சால்வோ மட்டும் பஸ்ஸில்.

"எழுப்பிறதுக்கு ஒருத்தரும் இல்லாட்டி இதிலை என்ன விளையாட்டு?" என்று முணுமுணுத்தான். நாலு சுற்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் வரிசையில் புகுந்தான். ஒரு சுற்று ஒரு நாள் என்று சத்தமாக எண்ணத் தொடங்கியதும் அவன்தான்.

ஐந்து மணிக்கு சிஞ்ஞோரா பியேரா உள்ளே வந்தார். வெளியே பந்து விளையாடிய மூன்று பேரும் வரிசையில் சேர்ந்திருந்தார்கள்.

"போதும், வீட்டை போங்கோ!"

"நாப்பத்திரண்டுதான் முடிஞ்சது!" என்றான் சால்வோ. "இன்னும் முந்நூற்று முப்பத்தொன்பது இருக்கு!"

சிஞ்ஞோரா யூலியானாவைப் பார்த்தார். யூலியானாவுக்கு மூச்சு வாங்கியது, தானும் சேர்ந்து நடந்ததால். சிஞ்ஞோரா சுவரில் தொங்கிய நேரசூசியில் வியாழனுக்கு நேரே அவளுடைய பெயரை எழுதினார். அதைப் பிள்ளைகள் கவனிக்கவேயில்லை. முடிந்தது நாற்பத்திரண்டா நாற்பத்தொன்றா என்று அபேனாவும் சால்வோவும் வாசலில் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.