அத்தையின் பெயருக்காகக் காத்திருந்த ஞாயிறு

அது புரட்டாசி ஞாயிறுதான். ஆவணி என்று அப்பா இன்றும் சாதிக்கிறார். கறி எடுக்க முடியவில்லையே என்று பெரியப்பா அன்று முழுக்கப் புலம்பினார். ஆவணியில் அவருக்கு என்ன தடை?

அப்பாவின் தங்கை, என் அத்தை, சென்னையில் அனிமேஷன் செய்துகொண்டிருந்தாள். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டார் அதைப் பொம்மை போடுகிற வேலை என்பார்கள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலைக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார்.

"டைரக்டர்னு டிவியில உன் பேரு வரட்டும், நம்புறேன். இல்லேன்னா பேசாம ஊருக்கு வந்து சேரு" என்றார் அவளிடம்.

அவள் இயக்கிய முதல் தொடர், ஒரு குட்டியானையின் கதை, அன்று காலை டிவியில் தொடங்கியது. சொந்தபந்தமெல்லாம் காதுகுத்துக்கு வருவதுபோல் வந்து கேசரி தின்றார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பெரியப்பா என் மாமாவிடம், "வண்டியூர்ல இடம் என்ன வெல சொல்றான், மாப்ள?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, படத்துல இந்த எடத்த மட்டும் பாருங்கண்ணே" என்றாள் அத்தை.

"பேரு வரும்போது சொல்லும்மா, பாக்குறோம்."

எனக்கும் பெயர்தான் முக்கியம். பள்ளியில் சொல்லி வைத்திருந்தேன். அத்தை டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது வேறு எரிச்சலாக இருந்தது. கோடை விடுமுறையில் மொட்டைமாடியில் "கோவிச்சுக்கிட்டு நட, இன்னொருக்கா நட" என்று என் உயிரை வாங்கியவள். கடைசியில் நிஜமாகவே கோபித்துக்கொண்டு இறங்கிப் போனேன். அதையும் கைபேசியில் படம் பிடித்தாள்.

படம் முடிந்தது. "உஷ்!" வீடே அடங்கியது. பெரியப்பா கைபேசியை உயர்த்தினார். திரை கறுத்தது, எழுத்து மேலேறத் தொடங்கியதும் சோப்புப் பவுடர் விளம்பரம் வந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா?" என்றார் அப்பா.

"பேரு இருக்குண்ணே. விளம்பரத்துக்காக வெட்டிட்டாங்க."

"பெரிய டைரக்டரு! சொந்தப் பேர வெட்டுறதயே நிப்பாட்ட முடியல."

அத்தை பையை எடுத்தாள். வாசலில் என்னிடம், "குட்டியானை கோவிச்சுக்கிட்டுப் போச்சே, பாத்தியா?" என்று கேட்டாள்.

"நான் பேரத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்!" என்று அழுதேன்.

"சரி, போறேன்" என்று சென்னைக்குப் போய்விட்டாள். கல்லுப்பட்டி வேலைக்கு வரவேயில்லை. இப்போது சினிமாவுக்கும் செய்கிறாள்.

அந்தப் படம் சென்ற மாதம் இணையத்தில் கிடைத்தது. பெயர் முழுதாக வருகிறது. அதற்கு வெகுமுன்பே குட்டியானை இடது காலை இழுத்துக்கொண்டு போகிறது. யாராவது கூப்பிடுகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறது. யாரும் கூப்பிடாததால் இன்னும் ஓங்கி மிதித்துப் போகிறது. மொட்டைமாடியிலிருந்து நான் இறங்கிப் போன அதே நடை. அன்று அத்தனை பேர் இருந்த கூடத்தில் அத்தை ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.