வேன் டிரைவர் கொடுத்த திருநீறு

கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையைத் தாடையைத் தூக்கச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கேமரா மேல் வெறுப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் மச்சான், "கடைக்கு வந்திருங்க அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை படமெடுக்கப் போய்ப் பார்ப்போம், ஒரு படமாவது ஆசைப்பட்டு எடுக்கத் தோன்றாவிட்டால் கேமராவை விற்றுவிடலாம் என்று முடிவுகட்டி, ஊர்ப் புகைப்படக் குழுவோடு மணிமுத்தாறு பக்கம் வேன் ஏறினேன்.

குழு என்றால் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் டாக்டர்களும். ஒவ்வொருவர் கழுத்திலும் தேங்காய்க் குலை கனத்துக்கு லென்ஸ். இயல்பான வாழ்க்கையை எடுக்க வந்தவர்கள், அதைப் பையில் போட்டு வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். தலைப்பாகைத் துணி, அரிவாள், மண்சட்டி, கரி, சாம்பிராணி. மருத மரங்களுக்கடியில் சாம்பிராணி போட்டால் வெயில் கோடு கோடாக இறங்குமாம். பக்கத்து வயலில் நிஜ விவசாயி ஒருவர் டீ-சர்ட் போட்டு உரம் வீசிக்கொண்டிருந்தார். அவர் விவசாயி மாதிரி இல்லை என்று கழித்துவிட்டு, எங்கள் வேன் டிரைவரின் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, அரிவாளைக் கையில் கொடுத்தார்கள்.

"கொஞ்சம் சோகமா நில்லும் வே" என்றார் குழுத் தலைவர்.

அப்போது புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். புகை, அரிவாள், வெற்றுடம்பு. எங்கள் பக்கத்தில் இது மூன்றும் சேர்ந்தால் சாமியாடிதான். கட்டைக் கீழே போட்டாள்.

"ஏலே, சாமி வந்து நிக்கி, செருப்போடயாலே நிக்கிய? கழத்துங்கலே!"

வழியெல்லாம் நாத்திகம் பேசிவந்த டாக்டர்தான் முதலில் ஷூவைக் கழற்றினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவள் டிரைவர் முன்னால் கைகூப்பினாள். "சாமி, எம் மவளுக்கு ஒவ்வொண்ணாக் கலைஞ்சுபோவுது. இதாவது தங்குமா?"

என் சிரிப்பு நின்றுபோயிற்று. டிரைவர் எங்களைப் பார்த்தார்.

"யக்கா, பைய விலகுங்க, வெளிச்சம் போவுது" என்றார் தலைவர்.

டிரைவர் குனிந்து சட்டி ஓரத்துச் சாம்பலை எடுத்து அவள் நெற்றியில் பூசினார். "தங்கும்மா. தைரியமாப் போ." அவள் கண்ணை மூடியிருந்தாள். படம் கெட்டது என்று மற்றவர்கள் கேமராவை இறக்கியிருந்தார்கள், மடையர்கள். நான் அமுக்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, யாரும் சொல்லாமல் எடுத்த படம்.

திரும்பும் வழியெல்லாம் நல்ல வெளிச்சத்தை ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்று தலைவர் புலம்பினார். எல்லாரும் இறங்கிய பிறகு டிரைவர் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் படத்த எங்கயும் போட்டுராதிய. அந்தம்மா நம்பிட்டுப் போயிருக்கு."

போடவில்லை. அவள் வருமுன் தலைவர் எடுத்த படத்துக்கு, 'உழவனின் கண்ணீர்' என்ற பெயரில் ஏதோ ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. சாம்பிராணிப் புகையில் யாருக்குத்தான் கண்ணீர் வராது?

மச்சானிடம் கடைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். "அப்படி என்ன படம் எடுத்திய அத்தான், காட்டுங்க" என்றான்.

காட்டவில்லை.