ஒரு கண்ணு தெளிஞ்சுது

வலது கண்ணுல புரை எடுத்துட்டு, ஆஸ்பத்திரி வேன்ல என்னைக் கொண்டாந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டாங்க. கருப்புக் கண்ணாடிக்குள்ளயும் கோட்டை மலை தெரிஞ்சுது. பாறை தனியா, நடுவுல மொளச்ச செடி தனியா. ரொம்ப நாளா அது எனக்கு சாம்பல் குவியலாத்தான் இருந்துது. மலை அப்டியேதான் இருக்குதுன்னு நெனச்சிகினே வூட்டுக்கு வந்தேன்.

வந்து பாத்தா, பாத்திரத்துக் கழுத்தெல்லாம் கருப்பு. நான் தேச்ச பாத்திரத்துல மொகம் பாக்கலாம்னு தெருவெல்லாம் பெருமை பேசினவ நான். எடுத்துத் தேய்க்கலாம்னு குனிஞ்சேன்.

"குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? அடுப்புகிட்டயும் போகாத, ஒக்காரு"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

தண்ணி புடிக்கறதும் அவரு, சோறு ஆக்கறதும் அவரு. கல்யாணம் ஆன நாள்லருந்து பகல்ல ஒக்காந்தவ இல்ல நான். நாற்காலியில ஒக்காந்ததும் ஒடம்பு பூரா அலுப்பு வந்து ஏறிக்கிச்சி. இவ்ளோ அலுப்பு இத்தினி நாளும் எங்க கெடந்துதோ.

மறுநாள் மத்தியானம் அவரு கேவுரு களி கிண்டினாரு. மேல சட்டை இல்ல. அப்பத்தான் நல்லா பாத்தேன். தோள்பட்டை எலும்பு துருத்திகினு இருக்குது. கையில சதை தொங்குது. துடுப்ப ரெண்டு கையாலயும் புடிச்சிகினு கிண்டறாரு. மல்லாக்கொட்டை மூட்டையை ஒத்த ஆளா வண்டியில ஏத்தின மனுசன்.

"இன்னாய்யா, எப்ப இவ்ளோ கெழவனான?"

"நீ ஆபரேஷனுக்குப் போன அன்னிக்கி."

"வெளயாடாத."

"நீ எங்க என்னைப் பாத்த? களையைப் பாத்த, மாட்டைப் பாத்த. குறுக்க வந்தா தள்ளிப் போய்யான்ன."

பதில் பேசறதுல நான் யாருக்கும் சளைச்சவ இல்ல. ஆனா அவரு சொன்னது நெசம். கண்ணுல புரை வந்தது பின்னால. அதுக்கு முன்ன கண்ணு நல்லாத்தான் இருந்துது. நாத்து நடும்போது அறுப்பு நெனப்பு. அறுக்கும்போது பொண்ணு கல்யாண நெனப்பு. அவ கழுத்துல தாலி ஏறும்போது, பந்தியில சாம்பார் பத்துமான்னு நெனப்பு. அவ அன்னிக்கி இன்னா நெறத்துல பொடவை கட்டியிருந்தான்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் தெரியாது.

அவரு மூச்சு வாங்கறது எனக்குக் கேட்டுது. இந்த மனுசன் இன்னும் எத்தினி நாளு என் எதுர்ல நிப்பாரோ. வேலை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்னு இவரையும் தள்ளி வெச்சா, அப்புறம் யாரைப் பாக்கறது?

களி எறுகிப் போச்சி. துடுப்பு நகரல.

"போதும். எறக்கி வெச்சிட்டு இப்டி வந்து ஒக்காரு."

"கட்டி தட்டிடும்டி. அப்புறம் ஊரு கேக்கத் திட்டுவ."

என் களியில ஒரு கட்டி பாத்தேன்னு சொல்ல இந்தத் தெருவுல ஆளு கெடயாது.

"தட்டினா தட்டட்டும், வா"ன்னேன்.

அவரு என்னை ஒரு தரம் ஏற எறங்கப் பாத்தாரு. அப்புறம் அடுப்ப அணைச்சாரு.